தெரிந்தும் தெரியாதென்பது

பத்தாம் தர மாணவர்களை 'வாய்மை' என்ற தலைப்பில் கட்டுரை எழுத வைப்பதற்கு முன்னர், ஒருநாள் வகுப்பில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். பொய் என்றால் என்ன? நடக்காததை நடந்ததாகச் சொல்வது என்றான் ஒருவன். உள்ளதை இல்லை என்பது என்றான் இன்னொருவன். இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, அதிகம் பேசாத ஒரு மாணவி பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"சேர், ஒரு விசயம் தெரிஞ்சிருந்தும் தெரியா எண்டு சொன்னா அதுவும் பொய்யா?"

"அதுவும் பொய்தான் மகள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். சற்று நேரத்தில் மணியும் அடித்துவிட்டது. ஆனால் வீடு வந்த பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன பதில் சரியானது, ஆனால் போதுமானதல்ல. 'தெரியாது' என்பது அறிவுலகில் மிகவும் மரியாதைக்குரிய சொல். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும்படிதான் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். எதையும் கேள்வி கேள், ஆதாரம் கேள், அவசரப்பட்டு முடிவுக்கு வராதே என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படியானால், உண்மையாகவே ஐயப்படுகிறவனையும் ஐயப்படுவதுபோல் நடிக்கிறவனையும் எப்படி வேறு பிரிப்பது? இருவரும் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "இன்னும் நிரூபிக்கப்படவில்லை."

இக்கேள்வியைக் கற்பனையில் வைத்து ஆராயத் தேவையில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் அமெரிக்காவின் பெரும் சிகரட் கம்பனிகள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே தமது வியாபாரத்தைக் காத்துக்கொண்டன. சிகரட் நல்லது என்று அவை சொன்ன காலமும் உண்டு. வைத்தியர்களின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்த காலம் அது. அந்தப் பொய் பழையது, எளிதில் பிடிபடக்கூடியது. நான் பேச விரும்புவது அதற்குப் பிறகு வந்த நுட்பமான பொய்யைப் பற்றி.

அதை விளங்கிக்கொள்ள, முதலில் நேர்மையான ஐயம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1940களின் இறுதியில் பிரித்தானியாவில் நுரையீரல் புற்றுநோய் வேகமாக அதிகரித்து வந்தது. காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இதை ஆராயும் பொறுப்பு ரிச்சர்ட் டோல், பிரட்போர்ட் ஹில் ஆகிய இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. டோல் அப்போது சிகரட் புகைப்பவர். வீதிகளுக்குப் போடும் தாரோ மோட்டார் வாகனப் புகையோ காரணமாக இருக்கலாம் என்பதே ஆரம்பத்தில் அவருடைய எண்ணமாக இருந்தது. லண்டன் வைத்தியசாலைகளில் நோயாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர் மட்டுமே. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட, வேறு நோய்களுக்காக வந்திருந்த 649 ஆண்களில் 27 பேர் புகைக்காதவர்கள். கணக்கு முடிவதற்கு முன்னரே டோல் சிகரட்டை விட்டுவிட்டார். ஆய்வு 1950இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது.

அதோடும் அவர்கள் திருப்தி அடையவில்லை. நோய் வந்த பின்னர் பழைய பழக்கத்தைக் கேட்டால் நினைவு பிழைக்கலாம் அல்லவா? ஆகவே 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, அவர்களுடைய புகைப் பழக்கத்தை முன்கூட்டியே பதிந்து வைத்தார்கள். 40,000க்கும் அதிகமானோர் பதில் எழுதினர். யார் எந்த நோயால் இறக்கிறார்கள் என்று பின்னர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 1954இல் கிடைத்த முதல் பெறுபேறும் அதே திசையையே காட்டியது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. ஏர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் சிகரட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புறப்பட்டார். அவருக்கு மேலே இருந்தவர் எவார்ட்ஸ் கிரகம். 1933இல் நோயாளி ஒருவரின் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் அகற்றி, அவரைப் பிழைக்க வைத்த புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். அவரும் கடுமையாகப் புகைப்பவர். மாணவரின் கருத்தில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் ஆய்வுக்கு இடம் கொடுத்தார். முடிவு வந்தபோது ஏற்றுக்கொண்டு, 1950இல் மாணவரோடு சேர்ந்து தமது பெயரையும் இட்டு வெளியிட்டார். பின்னர் புகைப்பதையும் நிறுத்தினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே கிரகம் இறந்தார்.

டோலும் கிரகமும் ஐயப்பட்டவர்கள்தாம். ஆனால் தமது ஐயத்தை அவர்கள் சோதனைக்கு அனுப்பினார்கள். விடை தமக்குப் பாதகமாக வந்தபோதும் அதை மறைக்கவில்லை. தமது விரல்களுக்கிடையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். இந்த இருவரையும் மனதில் வைத்துக்கொண்டே அடுத்த காட்சியைப் பார்க்க வேண்டும்.

1953ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சிகரட் தாரை எலிகளின் முதுகில் பூசினால் புற்றுநோய் உண்டாகிறது என்ற வைண்டர், கிரகம் குழுவினரின் ஆய்வுச் செய்தி பத்திரிகைகளில் பரவியிருந்தது. கம்பனிகளின் பங்கு விலைகள் வீழ்ந்தன. சந்தையில் ஒன்றையொன்று முட்டி மோதிய கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க் நகரத்தின் பிளாசா ஹோட்டலில் ஒன்றுகூடினர். கூட்டத்துக்கு ஆலோசகராக வந்தவர் வைத்தியரோ விஞ்ஞானியோ அல்லர். மக்கள் தொடர்பு நிறுவனமொன்றை நடத்திய ஜோன் ஹில் என்பவர். எந்த நோய்க்கு எந்த வைத்தியரை அழைக்கிறோம் என்பதிலிருந்து, எதை நாம் நோய் என்று கருதுகிறோம் என்பது தெரிந்துவிடும். கம்பனிகள் நோயென்று கருதியது புற்றுநோயையல்ல, மக்களின் அச்சத்தை.

இதன் பலனாக 1954 ஜனவரி 4ஆம் திகதி அமெரிக்காவின் 400க்கும் அதிகமான பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிவித்தல் வெளிவந்தது. புகைப்போருக்கு மனம்திறந்து விடுக்கும் அறிக்கை என்பது அதன் தலைப்பு. மக்களின் உடல்நலமே மற்றெல்லாவற்றையும் விடத் தமக்கு முதன்மையான பொறுப்பு என்று கம்பனிகள் அதில் கூறின. புற்றுநோய்க்குச் சிகரட் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிஞர்கள் சொல்வதாகவும் கூறின. உண்மையைக் கண்டறியத் தாமே ஓர் ஆய்வுக் குழுவை அமைப்பதாக வாக்களித்தன. குழு அமைக்கப்பட்டது. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற பெயர்பெற்ற மரபியல் அறிஞர் அதன் விஞ்ஞானப் பணிப்பாளரானார். பல பல்கலைக்கழகங்களுக்குப் பணம் சென்றது. ஆனால் சிகரட் நோயைத் தருகிறதா என்ற நேரான கேள்விக்குச் செலவிட்டதைவிட, புற்றுநோய்க்கு வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்ற தேடலுக்கே அப்பணம் பெரிதும் பயன்பட்டது. கேள்வி முடியாமல் இருக்கும்வரை, ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம் அல்லவா?

உள்ளே அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? இதற்கு விடை நெடுங்காலம் பூட்டிய பெட்டிகளுக்குள் கிடந்தது. 1994இல் ஒரு கம்பனியின் இரகசிய ஆவணங்கள் கலிபோர்னியாப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸின் கைக்குப் பெயர் குறிப்பிடாமல் வந்து சேர்ந்தன. 1998இல் முடிவுற்ற மினசோட்டா மாநில வழக்கு ஏனைய பெட்டிகளையும் திறக்க வைத்தது. இன்று ஒரு கோடிக்கும் அதிகமான ஆவணங்கள் எவரும் வாசிக்கக்கூடியவாறு உள்ளன. 1958இல் பிரித்தானியக் கம்பனி விஞ்ஞானிகள் மூவர் அமெரிக்கா சென்று, அங்குள்ள துறைசார்ந்தவர்களைச் சந்தித்துத் திரும்பி ஓர் அறிக்கை எழுதினார்கள். தாம் கண்டு பேசியவர்களில் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றே நம்புவதாக அதில் இருக்கிறது. 1963இல் பிரவுண் அன்ட் வில்லியம்சன் கம்பனியின் தலைமைச் சட்டத்தரணி எழுதிய குறிப்பில், நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள், நமது வியாபாரம் அதை விற்பதே என்ற கருத்து எவ்வித மறைப்புமின்றிக் காணப்படுகிறது. அதே கம்பனியின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பொன்று இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பொதுமக்களின் மனதில் படிந்துவரும் உண்மைகளோடு போட்டியிடச் சிறந்த வழி சந்தேகமே, ஆகவே சந்தேகமே நாம் உற்பத்தி செய்யும் பொருள் என்பது அதன் சாரம்.

இந்தக் குறிப்பை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்டது கோபமல்ல, ஒருவகைக் கூச்சம். ஐயம் என்பது ஆசிரியனின் கையிலுள்ள கருவி. அதை ஒரு தொழிற்சாலையில் வார்த்தெடுத்துப் பெட்டியில் அடைத்து விற்கலாம் என்று எண்ணியிருக்கிறார்களே!

இனி, அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏமாற்றும் நோக்கத்தோடு வேறொன்றைச் சொல்வதே பொய் என்பது அறவியலாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் இலக்கணம். ஆனால் கம்பனியின் வழக்கறிஞர் ஒருவர் இப்படி வாதிடலாம்: "நிரூபிக்கப்படவில்லை என்றுதானே சொன்னோம்? விஞ்ஞானத்தில் எதுதான் முற்றாக நிரூபிக்கப்பட்டது? நாளை சூரியன் உதிக்கும் என்பதைக்கூடத் தர்க்கத்தால் நிலைநாட்ட முடியாது என்று ஹியூம் என்ற தத்துவஞானி சொல்லவில்லையா? நாங்கள் சொன்ன வாக்கியத்தில் பிழை எங்கே?" இந்த வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அதில் பொய்யைக் கண்டுபிடிப்பது கடினம்.

வாக்கியத்தை விட்டுவிட்டு, அதைச் சொன்னவன் அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். இதற்கு நமக்கு நன்கு அறிமுகமான ஓர் உதாரணம் இமாம் கஸ்ஸாலி. புலன்கள் காட்டுவதை நம்பலாமா, பகுத்தறிவு காட்டுவதை நம்பலாமா என்று ஐயமுற்று, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அந்த நிலையில் தவித்ததாகத் தமது வாழ்வு பற்றிய நூலில் அவர் குறிப்பிடுகிறார். அதை அவர் ஒரு நோயாகவே கருதினார். அதிலிருந்து மீள விரும்பினார். ஐயம் அவருக்குச் செலவாக இருந்தது, வருமானமாக இருக்கவில்லை. டோலும் கிரகமும் கூட இவ்வகையில் அவருக்கு உறவினரே. ஐயத்தால் கூலி பெறுகிறவனுக்கும் ஐயத்துக்கு விலை கொடுக்கிறவனுக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. தீர வேண்டும் என்று விரும்பாத ஐயம் ஐயமே அல்ல. அது ஐயத்தின் உடையை அணிந்துகொண்ட முடிவு.

இவ்விடத்தில் ஒரு சிக்கலான மனிதரையும் சொல்லியாக வேண்டும். நவீன புள்ளிவிபரவியலின் தந்தையர்களுள் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர், டோல் - ஹில் முடிவை எதிர்த்தார். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாமே என்று கேட்டார். அவர் பைப் புகைப்பவர். பிரித்தானியப் புகையிலைக் கம்பனிகளின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவருடைய ஐயம் உள்ளத்திலிருந்து வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அவருடைய கேள்வி விடை காணக்கூடிய கேள்வி. அறிஞர்கள் அதை எடுத்து ஆராய்ந்து விடையும் கண்டார்கள். புகைப்பதை விட்டவர்களுக்கு ஆபத்துப் படிப்படியாகக் குறைகிறது என்பதை மரபணுவால் விளக்க முடியாது. ஃபிஷர் 1962இல் மறைந்தார். விடை கிடைத்த பின்னரும் அக்கேள்வியை உயிரோடு வைத்திருந்தவை கம்பனிகளே. தனிமனிதனின் பிழையான ஐயத்துக்கும் நிறுவனத்தின் பொய்யான ஐயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு காணலாம்.

இன்னுமொரு அளவுகோலும் உண்டு. நமது ஊரில் ஒரு கிணற்றில் நஞ்சு கலந்திருக்கலாம் என்று ஒரு பேச்சு எழுகிறது என வைத்துக்கொள்வோம். உறுதியாகத் தெரியாது. நேர்மையாக ஐயப்படுகிறவன் என்ன செய்வான்? தெரியவரும்வரை வாளியைக் கிணற்றுக்குள் விடாதீர்கள் என்பான். "நஞ்சு என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே தாராளமாகக் குடியுங்கள், இதோ, பிள்ளைகளுக்கும் ஒரு குவளை" என்று சொல்பவனை நாம் ஐயவாதி என்று அழைப்போமா? ஐயத்தின் இயல்பு மனிதனைக் கவனமாக்குவது. கம்பனிகள் அதே ஐயத்தைக் கொண்டு மனிதரைக் கவனமற்றவர்களாக்கின. வள்ளுவர் வாய்மையை அளக்கும்போது சொல்லின் வடிவத்தைப் பார்க்கவில்லை, அதனால் பிறருக்குத் தீங்கு வருகிறதா என்று பார்க்கிறார். அந்த அளவுகோலுக்கு முன்னால் எந்த வழக்கறிஞரின் வாதமும் நிற்காது.

தீங்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதற்கொரு முகம் உண்டு. நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ரோஸ் சிப்போலோன் என்ற பெண் 1942இல், தமது 16ஆவது வயதில் புகைக்கத் தொடங்கினார். 1950களில் நோய் பற்றிய செய்திகள் வரத் தொடங்கியதும், வடிகட்டி பொருத்திய சிகரட்டுக்கு மாறினார். வைத்தியரே எழுதிக் கொடுத்ததுபோல என்ற பொருள்பட அந்தச் சிகரட்டுக்கு விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் இன்னும் மென்மையானது என்று சொல்லப்பட்டவற்றுக்கு மாறினார். ஒவ்வொரு மாற்றமும் அவருடைய அச்சத்தின் அடையாளம். ஒவ்வொரு அச்சத்துக்கும் கம்பனிகளிடம் ஒரு புதிய பெட்டி இருந்தது. மக்களைக் கொல்லும் ஒன்றைக் கம்பனிகள் விற்கமாட்டா என்று தாம் நம்பியதாக அவர் தமது வாக்குமூலத்தில் கூறினார். 1981இல் அவருடைய நுரையீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. விட்டுவிட்டேன் என்று கணவரிடமும் வைத்தியர்களிடமும் சொல்லிவிட்டு ஒளித்துப் புகைத்தார். 1982இல் வலப்பக்க நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டது. 1984இல் இறந்தார்.

வழக்கில் கம்பனிகள் முன்வைத்த வாதங்கள் சிந்திக்கத்தக்கவை. சிகரட்டால்தான் அவருக்குப் புற்றுநோய் வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றனர். சிகரட்டின் ஆபத்தை அறிந்தே அவர் புகைத்தார், ஆகவே பொறுப்பு அவருடையது என்றும் கூறினர். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்கள். விஞ்ஞானிகளாலேயே தெரிந்துகொள்ள முடியாததை ஓர் இல்லத்தரசி மட்டும் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? விற்கும்போது யாருக்கும் தெரியாது. வழக்கு வந்தால் எல்லோருக்கும் தெரியும். 1988இல் ஜூரிகள் 80 வீதப் பொறுப்பை இறந்த பெண்ணின் மீது சுமத்தி, கணவருக்கு 4 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். மேன்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. 1992இல் குடும்பத்தினர் வழக்கைக் கைவிட்டனர்.

அந்த 80 வீதத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதியின் பின்புறத்தில் நின்று நானும் புகைத்தவன். கேடு என்பது தெரியாத ஒருவரும் எங்கள் கூட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறிய சந்தேகம் கைவசம் இருந்தது. "எங்கட பெரிய மாமா எண்பது வயசு மட்டும் பீடி குடிச்சவர், அவருக்கு ஒண்டும் நடக்கல்ல" என்பது என்னுடையது. எந்தக் கம்பனியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. விடுமுறையில் வீடு வந்தபோது, சட்டையை மணந்து பார்த்துவிட்டு வாப்பா கேட்டார்: "மகன், சிகரட் குடிக்கிறியா?" "இல்ல வாப்பா, பஸ்ஸில பக்கத்தில இருந்தவர் குடிச்சார்." வாப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் மௌத்தாகும் வரையில் அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மீண்டும் எடுக்கவில்லை. சிகரட்டை விட்டுப் பல வருடங்களாகின்றன. அந்தப் பதிலை மட்டும் இன்றும் திரும்பப் பெற முடியவில்லை.

ஆகவே புகைத்தவனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு பொய். நமது ஆசை சந்தேகத்தைத் தேடி அலைகிறது. சந்தைக்கு அது தெரிகிறது. ஆனால் பொறுப்பு என்பது ரொட்டித் துண்டல்ல, ஒருவன் பெரிய பங்கை எடுத்தால் மற்றவனுக்குச் சிறிய பங்கு மிஞ்சுவதற்கு. என் குற்றம் முழுவதும் எனக்கு. அவர்களுடைய குற்றம் முழுவதும் அவர்களுக்கு. ரோஸ் சிப்போலோனும் பொய் சொன்னார், நானும் சொன்னேன். எங்கள் பொய் வெட்கத்திலிருந்து பிறந்தது. உண்மை இன்னது என்று ஏற்றுக்கொண்டதனால்தான் வெட்கம் வந்தது. கம்பனியின் பொய் கணக்கிலிருந்து பிறந்தது. அதற்கு வெட்கம் தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்படவில்லை என்பதும் ஒரு கேள்விதான். ஒரு நிறுவனத்தில் பொய் சொன்னவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார். விஞ்ஞானி தமது அறிக்கையை மேலே அனுப்பிவிட்டார். சட்டத்தரணி தமது கட்சிக்காரரைக் காப்பாற்றினார். விளம்பரம் எழுதியவர் ஓர் அழகான வாக்கியம் எழுதினார். பணிப்பாளர் பங்குதாரர்களுக்குப் பொறுப்புடையவர். எல்லோரும் தத்தமது கடமையைச் செய்தார்கள்; பொய் தானாகவே பிறந்தது போலிருக்கிறது. 1994 ஏப்ரல் 14ஆம் திகதி ஏழு கம்பனிகளின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் உபகுழுவின் முன் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். நிக்கொட்டின் அடிமைப்படுத்துமா என்று கேட்கப்பட்டபோது, அடிமைப்படுத்தாது என்றே நான் நம்புகிறேன் என்ற பாணியில் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொன்னார்கள். 'நம்புகிறேன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்பிக்கையைப் பொய்ச்சாட்சியம் என்று நிரூபிப்பது எப்படி? எவர் மீதும் அக்குற்றம் சுமத்தப்படவில்லை. நமது மாணவியின் கேள்வி அன்று ஒரு வல்லரசின் சட்டத்தையே திகைக்க வைத்தது எனலாம்.

ஆயினும் காலம் கடந்தாவது ஒரு நீதிமன்றம் பதில் சொன்னது. அமெரிக்க நீதித் திணைக்களம் 1999இல் தொடுத்த வழக்கில், 2006 ஓகஸ்ட் 17ஆம் திகதி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கும் அதிகமான தீர்ப்பை வழங்கினார். ஐம்பது ஆண்டுகளாகக் கம்பனிகள் திட்டமிட்டு மக்களை ஏமாற்றின என்பது அவரது முடிவு. தனித்தனி வாக்கியங்களோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளே எழுதியதையும் வெளியே சொன்னதையும் ஆண்டு வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்படி வைத்ததும் பொய் தானே பேசியது. உண்மையை மக்களுக்குச் சொல்லும் திருத்த அறிவித்தல்களைக் கம்பனிகளே வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். அதன் ஒவ்வொரு சொல்லையும் கம்பனிகள் நீதிமன்றங்களில் எதிர்த்தன. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில்தான் அவை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வந்தன. புகைத்தல் சராசரியாக நாளொன்றுக்கு 1,200 அமெரிக்கர்களைக் கொல்கிறது என்று கம்பனிகள் தமது பெயரில் சொல்ல வேண்டியதாயிற்று. 1954இன் மனம்திறந்த அறிக்கைக்கும் இதற்கும் இடையில் 63 ஆண்டுகள். ரோஸ் சிப்போலோன் இறந்து 33 ஆண்டுகள்.

இவற்றையெல்லாம் ஓர் ஆசிரியனாக நான் எழுதுவதற்கு வேறொரு கவலையும் உண்டு. சிகரட்டால் நுரையீரல் கெட்டது. சிகரட்டைக் காக்க எழுந்த பொய்யால் கெட்டது ஐயம் என்ற நற்குணம். இம்முறையைப் பின்னர் புவி வெப்பமடைதல் முதலான விடயங்களிலும் சிலர் கையாண்டதை நவோமி ஒரெஸ்கெஸ், எரிக் கொன்வே ஆகிய இருவரும் 2010இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்கள். இன்று எந்த உண்மையைச் சொன்னாலும் "அதெல்லாம் சும்மா, ஒண்டும் நிச்சயமில்ல" என்று தோளைக் குலுக்குகிறவர்களைப் பார்க்கிறோம். எதையும் நம்பாதிருப்பதே புத்திசாலித்தனம் என்று பிள்ளைகளும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த நாம், விடை கிடைத்தால் அதற்குக் கட்டுப்படவும் கற்றுக்கொடுத்தோமா என்பது என்னை உறுத்துகிறது.

அடுத்த தவணை தொடங்கும்போது அந்த மாணவிக்கு ஒரு பதில் சொல்ல இருக்கிறேன். தெரிந்தும் தெரியாது என்பது பொய்தான் மகள், ஆனால் அதைச் சொற்களில் தேடாதே. தெரியாது என்பவர் தெரிந்துகொள்ள முயல்கிறாரா என்று பார். தெரியாத நேரத்தில் பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறாரா என்று பார். தெரிந்த பின்னர் தனக்கு நட்டம் வந்தாலும் சொல்கிறாரா என்று பார். இந்த மூன்றையும் மற்றவர்களிடம் பார்ப்பதற்கு முன் உன்னிடம் பார்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தாழக்கூடும். வாப்பாவின் முன்னால் நின்ற அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.